மருத்துவப் பெருந்தகை அயோத்திதாசப் பண்டிதர்

பள்ளியிறுதி வகுப்பை முடித்துவிட்டு மருத்துவக் கல்வியின் வாயிலில் நிற்கும் நம் சமுதாயப் பிள்ளைகளுக்கும், மேகமலைத் தோட்டங்களிலும் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களிலும் உழைத்து அவர்களைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கும், இவ்வெள்ளி விழா மலரின் வாயிலாக ஒரு மருத்துவரின் வரலாற்றைச் சொல்ல விழைகின்றேன். அவர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவரல்லர். பெயருக்குப் பின்னே பட்டம் எதனையும் இட்டுக்கொண்டவரல்லர். எனினும் சென்னை நகரில் பல சாதியாரும் நோய் தீர்க்க நாடிவந்த வைத்தியராக அவர் வாழ்ந்தார். அவர்தாம் அயோத்திதாசப் பண்டிதர்.

பண்டிதரைப் பற்றிப் பேசுவோர் அவரைத் தமிழறிஞர் என்பர், பௌத்தம் தழுவியவர் என்பர், இதழாசிரியர் என்பர், திராவிடம், தமிழன் என்னும் சொற்களை அரசியலுக்குக் கொணர்ந்த முன்னோடி என்பர். அனைத்தும் உண்மையே. ஆனால் அவர் எதனால் உண்டு உடுத்து வாழ்ந்தார் என்னும் வினாவுக்கு, சித்த வைத்தியம் செய்தார் என்னும் ஒற்றை வரியோடு பெரும்பாலான நூல்கள் நின்றுவிடுகின்றன. அந்த ஒரு வரிதான் நமக்கு இங்கே வேண்டுவது. தொழில் தெரிவு என்பது ஒரு மனிதனின் வாழ்வில் எத்தனை கதவுகளைத் திறக்கிறது என்பதற்கு அவர் வாழ்வு நல்ல சான்று.

1845-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன், ஆங்கிலத் துரை ஒருவரிடம் சமையற்பணி புரிந்தவர். அந்நாளில் நம் மக்களுள் சிலருக்கு வெள்ளையர் வீட்டுப் பணியே கிராமத்துப் பண்ணையடிமைத் தளையிலிருந்து விடுபடும் வழியாக இருந்தது. அக்கந்தப்பனாரின் வீட்டில் ஓலைச்சுவடிகள் இருந்தன. திருக்குறள் சுவடியை அவர் தம் துரையின் வழியாக எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்பதைப் பண்டிதர் பிற்காலத்தில் தம் எழுத்தில் பதிவு செய்திருக்கிறார். அடுப்படியில் வேலை செய்தவர் வீட்டில் குறள் சுவடி இருந்தது என்பதை நம் பிள்ளைகள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கல்வி நமக்கு யாரோ புதிதாக ஈந்த பொருளன்று.

சிறுவன் காத்தவராயனுக்குத் தமிழும் மருத்துவமும் மெய்யியலும் கற்பித்தவர் அயோத்திதாசக் கவிராசப் பண்டிதர் என்னும் பெரியவர். வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் மாணவர் பயிற்சி பெற்றார். ஆசிரியர்பால் கொண்ட பற்றினால் தம் இயற்பெயரை விடுத்து ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றார். இன்று உலகம் அறிந்த அயோத்திதாசர் என்னும் பெயர் ஓர் ஆசிரியர்க்கு மாணவர் செலுத்திய காணிக்கை. அவருக்கு அரசின் உதவித்தொகை கிட்டவில்லை, விடுதி கிட்டவில்லை. கிட்டியவை இரண்டு. ஏடு இருந்த வீடு ஒன்று. கற்றதை மறைக்காமல் கொடுத்த ஆசிரியர் இன்னொன்று.

அக்காலத்தில் சித்த மருத்துவம் பயில்வது எளிதென்று எவரும் எண்ணிவிடலாகாது. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் நிலையறிதல் அதன் அடிப்படை. நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என எட்டு வகையால் நோயைத் தேர்தல் வேண்டும். குடிநீர், சூரணம், இளகம், பற்பம், செந்தூரம் என மருந்து வகைகள் விரியும். பாடாணங்களையும் உலோகங்களையும் முறைப்படி தூய்மை செய்யாமல் கொடுத்தால் மருந்தே நஞ்சாகும். நூல்கள் செய்யுள் நடையில் இருந்தன. பலவற்றில் மருந்துப் பெயர்கள் மறைபொருளாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆகவே இலக்கணமும் இலக்கியமும் அறியாதவருக்கு அம்மருத்துவம் முழுமையாகக் கைவராது. பண்டிதரின் தமிழ்ப் புலமையையும் மருத்துவத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது பொருந்தாது.

அதே சென்னையில் 1835-ஆம் ஆண்டிலேயே ஆங்கில மருத்துவப் பள்ளி தோன்றிவிட்டது. பின்னர் அதுவே மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. ஆயினும் அதற்குள் நுழைய ஆங்கிலக் கல்வி வேண்டும். ஆங்கிலக் கல்விக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டும். பள்ளியில் சேர்ந்தாலோ உடன் அமர மறுக்கும் பிற சாதிப் பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் எதிர்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் கடந்தாலும் கட்டணம் வேண்டும். ஏணியின் மேற்படி திறந்திருந்தது, கீழ்ப்படிகள் இல்லை. பண்டிதர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கீழ்ப்படிகளை அமைப்பதிலேயே செலவிட்டார் என்பதை இனி வருவன காட்டும்.

அவருடைய இளமை நீலகிரியில் கழிந்தது. மலைத் தோட்டங்களில் அப்போது காப்பியும் தேயிலையும் பரவிக்கொண்டிருந்தன. சமவெளியிலிருந்து கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்கள் அங்கே குளிரிலும் காய்ச்சலிலும் உழன்றனர். மேகமலையில் வாழும் நமக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று நாம் இன்று சொல்லும் இடங்களிலும் இதே வரலாறுதான், சில பத்தாண்டுகள் பிந்தி நிகழ்ந்தது. தோட்ட முதலாளி தொழிலாளர்க்கு மருத்துவ வசதி செய்துதர வேண்டும் என்னும் கடமை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தால்தான் நாடு முழுமைக்கும் வந்தது. அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன் மலையில் காய்ச்சல் கண்டவனுக்கு, பச்சிலை அறிந்த மனிதர் ஒருவர் அருகில் இருந்தாரா என்பதே உயிர்ப் பிரச்சினை.

நீலகிரியில் அவர் தோடர் முதலிய மலைவாழ் மக்களோடும் தோட்டத் தொழிலாளரோடும் பழகி, அவர்களை ஒன்றுகூட்ட முயன்றார். 1870-களில் அங்கே அத்வைதானந்த சபை என்னும் அமைப்பை நிறுவினார். அப்போது அவர் பௌத்தர் அல்லர். வேதாந்தத்தின் வழியே சாதியைக் கடந்துவிடலாம் என்று நம்பியிருந்தார். அந்நம்பிக்கை பின்னாளில் தகர்ந்தது. 1885-இல் அருட்திரு ஜான் இரத்தினத்தோடு சேர்ந்து திராவிட பாண்டியன் என்னும் இதழை வெளிக்கொணர்ந்தார்.

1891-ஆம் ஆண்டு டிசம்பரில் உதகையில் திராவிட மகாசன சபையின் மாநாடு கூடியது. பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. சாதிப் பெயரால் இழிவுபடுத்துவோரைத் தண்டித்தல், பொதுக் கிணறுகளில் நீர் எடுக்கும் உரிமை முதலியவற்றோடு கல்வி பற்றிய கோரிக்கைகளும் அவற்றுள் இருந்தன. நம் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள், கட்டணக் குறைப்பு, உதவித்தொகை, தேறியவர்க்கு அரசுப் பணி ஆகியவை கோரப்பட்டன. பள்ளி, கட்டணம், உதவித்தொகை, வேலை என்னும் இவ்வரிசையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். இன்றும் ஒரு மருத்துவ மாணவனுக்கு இந்நான்கும் இதே வரிசையில்தான் தேவைப்படுகின்றன. அத்தீர்மானங்கள் காங்கிரசுக்கும் அனுப்பப்பட்டன. பயனுள்ள மறுமொழி எதுவும் வரவில்லை.

மறு ஆண்டு, 1892-இல், சென்னை மகாசன சபையின் கூட்டத்தில் நீலகிரியின் சார்பாளராகப் பண்டிதர் கலந்துகொண்டார். கோயிலில் நம் மக்கள் நுழைவதற்கு இருந்த தடையைப் பற்றி அவர் எழுப்பிய வினாவுக்கு, அவையிலிருந்த சாத்திரியார் ஒருவர், பெருந்தெய்வங்கள் உங்களுக்குரியன அல்ல, உங்களுக்குச் சிறு தெய்வங்கள் உண்டு என்னும் பொருள்பட விடையிறுத்தார். பண்டிதர் கொதித்தெழுந்து கூச்சலிடவில்லை. அவ்வாறாயின் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா என்று ஒதுக்கிவிட்டு, அதே அவையில் இரண்டு பொருள்களைக் கேட்டார். நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி. கிராமங்களில் தரிசாகக் கிடக்கும் நிலம். இவ்விரண்டும் ஏற்கப்பட்டன. அவமதிப்பை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பாத அந்த நிதானம் வியக்கத்தக்கது. அதே ஆண்டில் பஞ்சமி நில ஆணையும், 1893-இல் ஒடுக்கப்பட்டோர் கல்விக்கான தனி அரசாணையும் வெளிவந்தன. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கை, கிறித்தவ ஊழியர்களின் முறையீடு எனப் பல கைகள் அவற்றின் பின்னே இருந்தன. அவற்றுள் பண்டிதரின் கையும் ஒன்று.

பின்னர் அவர் சென்னை இராயப்பேட்டையில் நிலைத்தார். அங்கே வைத்தியசாலை நடத்தினார். இரட்டைமலை சீனிவாசனார் அவருடைய மைத்துனர். அவருடன் பிறந்த தனலட்சுமி அம்மையாரைப் பண்டிதர் மணந்திருந்தார். ஆங்கிலம் கற்று, கணக்கராகப் பணியாற்றி, பின்னே வட்டமேசை மாநாடு வரை சென்றவர் சீனிவாசனார். ஒரே குடும்பத்தில் இருவர் இரு வேறு தொழில்களைத் தேர்ந்தனர். இருவரும் சமுதாயத்துக்கே உழைத்தனர். இருவர்க்கும் இடையே கருத்து வேறுபாடும் இருந்தது.

இராயப்பேட்டையில் அப்போது விருத்தாசலம் முதலியாரின் மகனாகிய ஒரு சிறுவன் வாழ்ந்தான். 1894-இல் வெஸ்லி பள்ளியில் சேர்ந்த அவனுக்குக் கை கால்கள் முடங்கின. வேறொரு மருந்தால் நேர்ந்த கேடு அது. பள்ளிக்குச் செல்வது நின்றது. கல்வி அத்தோடு முடிந்ததென்றே எவரும் எண்ணியிருப்பர். பண்டிதரின் மருத்துவத்தால் அச்சிறுவன் நலமடைந்தான். ஏறத்தாழ நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பின் 1898-இல் மீண்டும் பள்ளி சென்றான். அச்சிறுவனே பின்னாளில் தமிழ்நாடு போற்றிய திரு.வி. கலியாணசுந்தரனார். தேசபக்தன், நவசக்தி இதழ்களை நடத்தியவர். சென்னையில் தொழிற்சங்கம் வளர்த்தவர். தம்மைக் குணப்படுத்தியவர் அயோத்திதாசர் என்பதைத் திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்பில் நன்றியுடன் எழுதி வைத்தார்.

இந்நிகழ்ச்சியின் உட்பொருள் பெரிது. நாடி பாராமல் சித்த மருத்துவம் இல்லை. மணிக்கட்டைத் தொடாமல் நாடி இல்லை. தெருவில் நிழல் பட்டாலும் தீட்டு என்று சொல்லப்பட்ட காலம் அது. அக்காலத்தில் சைவ முதலியார் வீட்டார் தம் பிள்ளையைப் பண்டிதரிடம் ஒப்படைத்தனர். தீண்டாமை கூடாதென்று அவ்வீட்டார்க்கு எவரும் சொற்பொழிவாற்றி அது நிகழவில்லை. நோய் தீர வேண்டும், தீர்க்க வல்லவர் இவர், அவ்வளவே. திறமையினால் மட்டும் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நலமடைந்து வீடு திரும்பியவர்களுள் எத்தனை பேர் பிறகு அவரைத் தம் திண்ணையில் அமர்த்தியிருப்பர் என்பது வேறு கேள்வி. எனினும் மருத்துவரின் கை போய்ச் சேரும் தொலைவுக்கு வேறெந்தத் தொழிலாளியின் கையும் போய்ச் சேர்வதில்லை.

மற்றொரு நன்மையும் அத்தொழிலில் இருந்தது. வெள்ளையரிடம் பணிபுரிந்தவர் துரைக்கு அஞ்ச வேண்டும்; அரசுப் பணியாளர் மேலதிகாரிக்கு அஞ்ச வேண்டும்; நிலத்தில் உழைத்தவர் மிராசுதாருக்கு அஞ்ச வேண்டும். பண்டிதரின் பிழைப்பு நோயாளர் பலர் தரும் சிறு தொகையால் நடந்தது. எந்த ஒருவரும் அவரை வேலையினின்று நீக்க இயலாது. அரசை வேண்டியபோதும், காங்கிரசாரைக் கடிந்தபோதும், சுதேசி இயக்கத்தினரைச் சாதி பற்றிக் குறுக்குக் கேள்வி கேட்டபோதும் அவர் பேனா தயங்கவில்லை. அதற்கு அவருடைய நெஞ்சுரம் ஒரு காரணம். வைத்தியப் பெட்டி மற்றொரு காரணம்.

1894-இல் அடையாற்றுக்கருகே ஊரூரில் கர்னல் ஆல்காட்டு ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். தொடர்ந்து கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் பள்ளிகள் எழுந்தன. பண்டிதர் அம்முயற்சியோடு நெருங்கிய தொடர்பு கொண்டார். அப்பள்ளியொன்றில் ஆசிரியராயிருந்த கிருஷ்ணசாமியாரும் பண்டிதரும் 1898-இல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தராயினர். அதே ஆண்டு இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது. அறிவியல் பேராசிரியர் இலட்சுமி நரசு அவர்களும் அதற்குத் துணை நின்றார். கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர், இரங்கூன், தென்னாப்பிரிக்கா எனத் தமிழ்த் தொழிலாளர் சென்ற இடங்களிலெல்லாம் சங்கத்தின் கிளைகள் பரவின.

நம் முன்னோர் பழம்பௌத்தர். பௌத்தத்தை விடாமையால் தாழ்த்தப்பட்டனர். கல்வியும் மருத்துவமும் ஒருகாலத்தில் பௌத்த விகாரைகளில் தழைத்தன என்பது பண்டிதரின் கொள்கை. அவர் காட்டிய சொல்லாராய்ச்சிகள் எல்லாவற்றையும் இன்றைய வரலாற்றறிஞர் ஏற்பதில்லை; நாமும் கண்மூடி ஏற்க வேண்டியதில்லை. ஆனால் எதையும் அறியாதவர் என்று இழித்துரைக்கப்பட்ட மக்களுக்கு, அறிவு உங்கள் பழைய உடைமை என்று சொல்ல அன்று ஒருவர் தேவைப்பட்டார்.

1907-ஆம் ஆண்டு சூன் 19-ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழ் வெளிவந்தது. நான்கு பக்கம், விலை ஒரு பைசா. ஓராண்டுக்குப் பின் தமிழன் எனப் பெயர் சுருங்கியது. நாளெல்லாம் நோயாளரைப் பார்த்துவிட்டு, இரவில் விளக்கொளியில் எழுதுகிற அறுபத்திரண்டு அகவை முதியவரை எண்ணிப் பாருங்கள். வரலாறு, சமயம், அரசியல், உழவு, கல்வி, உடல்நலம் என அவர் தொடாத பொருள் குறைவு. வித்தை, புத்தி, ஈகை, சன்மார்க்கம் என்னும் நான்கும் வளர்ந்தாலன்றி நாடு உயராது என்பது அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்திய கருத்து. வித்தை என்று அவர் குறித்தது ஏட்டுக் கல்வியை மட்டுமன்று. கைத்தொழிலையும் அது உள்ளடக்கும். படித்தவன் கையால் உழைப்பதற்கு நாணுதலும், உழைப்பவன் படிப்புக்கு அஞ்சுதலும் அவருக்கு ஒவ்வாதவை.

அவரிடம் குறையே இல்லையென்று எழுதினால் இவ்வரலாறு பொய்யாகும். ஒடுக்கப்பட்டோர் அனைவரையும் அவர் ஒரே கண்ணால் நோக்கினார் என்று சொல்ல இயலாது. பறையர் சமுதாயத்தின் பழம்பெருமையை நிறுவும் வேகத்தில், துப்புரவுப் பணி செய்தோரையும் தோல் தொழில் செய்தோரையும் பிரித்துத் தாழ்வாக எழுதிய இடங்கள் அவர் எழுத்தில் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் பள்ளரும் பறையரும் அருந்ததியரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். பண்டிதரிடமிருந்து நாம் பெற வேண்டியவை பல. இதனை மட்டும் பெற வேண்டா. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர்க்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு 2009-இல் ஒதுக்கப்பட்டது. அவ்வழியே மருத்துவக் கல்லூரிக்குள் செல்லும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளையும் நம் பிள்ளையே.

1914-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் மருத்துவர் பதிவுச் சட்டம் பிறந்தது. ஆங்கில மருத்துவம் பயின்றவர்க்கே அச்சட்டம் பதிவேட்டில் இடம் தந்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்டோர் பதிவேட்டுக்கு வெளியே நின்றனர். பட்டம் இல்லாமல் குருவிடம் கற்று மருத்துவராகும் பாதை அன்றுமுதல் குறுகத் தொடங்கியது. நாட்டு மருத்துவத்தின் நிலையை ஆராய 1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 1925-இல் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. விடுதலைக்குப் பின், 1964-இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி எழுந்தது. குருகுலத்தில் இருந்த கல்வி கல்லூரிக்குச் சென்றது நல்லதே; நச்சு மருந்துகளைத் தேர்வின்றிக் கொடுப்போரைத் தடுக்க வேறு வழி இல்லை. ஆனால் கல்லூரி வந்ததும் கட்டணமும் நுழைவுத் தகுதியும் உடன்வந்தன. பண்டிதர் பெற்ற இரண்டும், அஃதாவது ஏடும் ஆசிரியரும், இனிப் போதா, பணமும் வேண்டும்.

அப்பணத்துக்கான வழியை அமைத்தவர் அண்ணல் அம்பேத்கர். வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராய் இருந்தபோது, பட்டியல் சாதி மாணவர் அறிவியலும் தொழில்நுட்பமும் உயர்கல்வியும் பயில மைய அரசு பொருளுதவி செய்ய வேண்டும் என்று அவர் வாதாடினார். மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் 1944-இல் தொடங்கியது. உதகை மாநாடு கேட்டு ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. இன்று நம் பிள்ளைகள் கல்லூரியில் நிரப்பும் உதவித்தொகை விண்ணப்பம் அத்திட்டத்தின் தொடர்ச்சியே.

இன்றைய நிலை குறித்தும் சிறிது சொல்ல வேண்டும். நம் மாவட்டத்திலேயே, க. விலக்கில், தேனி அரசு மருத்துவக் கல்லூரி நடைபெற்று வருகிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றவர்க்கு மருத்துவம், பல் மருத்துவம், இந்திய மருத்துவம், ஓமியோபதி ஆகிய படிப்புகளில் 7.5 விழுக்காட்டு இடங்களைத் தமிழ்நாடு அரசு 2020-இல் சட்டம் இயற்றி ஒதுக்கியது. பெற்றோர் பலர் இதனை அறியாமல், நீட் தேர்வுக்குப் பயிற்சி கிட்டும் என்று கருதிக் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகின்றனர். நகையை அடகு வைத்துச் செய்யும் அம்மாற்றத்தால் இவ்வொதுக்கீட்டின் உரிமை கைநழுவிப் போகிறது. சாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் சேர்க்கை நாளில் தேடி அலையாமல் முன்னதாகவே பெற்று வைத்தல் வேண்டும். மலையிலிருந்து ஒரு சான்றுக்காகக் கீழே இறங்கினால் ஒரு நாட்கூலி போயிற்று என்பதை நாம் அறிவோம்.

ஆங்கில மருத்துவத்தில் இடம் கிட்டாதவர் சித்த மருத்துவத்தில் சேர்ந்துவிட்டு, ஐந்தரை ஆண்டும் தலைகுனிந்தே திரிவதைக் காண்கிறோம். அதற்கும் நீட் தேர்வில் தகுதி பெற்றாக வேண்டும். உடற்கூறும் உடலியங்கியலும் அங்கும் கற்பிக்கப்படுகின்றன. நாணுவதற்கு என்ன இருக்கிறது? மறுபுறம், சித்த மருத்துவத்தால் தீராத நோயே இல்லையென்று முழங்குவோரும் உளர். காசநோய்க்கும் பாம்புக்கடிக்கும் அரசு மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். மேகமலைக் காட்டின் கடுக்காயையும் நெல்லியையும் பளியர் அறிந்த அளவுக்கு நாம் அறியோம். அவ்வறிவைக் கேட்டு, ஆய்ந்து, ஏற்பன ஏற்றுத் தள்ளுவன தள்ளும் மருத்துவர் நம்மிடையே தோன்ற வேண்டும். மருத்துவராகும் வாய்ப்புக் கிட்டாவிடில் வாழ்வே முடிந்ததென்று மனம் உடையும் பிள்ளைகளும் இருக்கின்றனர். செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர் ஆகியோர் இல்லாமல் ஒரு மருத்துவமனை ஒரு நாள்கூட நடவாது. தமிழ்நாட்டில் செவிலியர் பட்டப்படிப்புக்கும் மருந்தியல் படிப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே சேர்க்கைக்கு அடிப்படையாக இருந்து வருகிறது.

பண்டிதர் மறைந்தபின் தமிழன் இதழ் சிறிது காலம் நடந்து நின்றது. 1926-இல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதற்கு மீண்டும் உயிரூட்டினார். அதன்பின் நெடுங்காலம் பண்டிதரின் பெயர் பேசப்படவில்லை. கோலார்ச் சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் பழைய இதழ்க் கட்டுகள் காக்கப்பட்டிருந்தமையால்தான் 1999-இல் ஞான. அலாய்சியசு அவற்றைத் தொகுக்க முடிந்தது. பாளையங்கோட்டையிலிருந்து அவை நூலாக வெளிவந்தன. 2005-இல் சென்னைத் தாம்பரம் சானடோரியத்தில் மைய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டபோது, அதனைச் சார்ந்த மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயர் சூட்டப்பட்டது. அவ்வாண்டே அஞ்சல் தலையும் வெளியாயிற்று. அந்நிறுவனத்தில் இளநிலைப் படிப்பு இல்லை. சித்த மருத்துவப் பட்டம் பெற்றவர்களே மேற்படிப்புக்குச் சேர முடியும். பொது மருத்துவம், குணபாடம், சிறப்பு மருத்துவம், குழந்தை மருத்துவம், நோய் நாடல், நஞ்சு நூல் ஆகிய பிரிவுகள் அங்கே உள்ளன. அகில இந்திய ஆயுஷ் முதுநிலை நுழைவுத் தேர்வின் வழியாகச் சேர்க்கை நடைபெறுகிறது. பாளையங்கோட்டையிலும் சென்னையிலும் இளநிலை பயிலும் நம் மாணவர்கள் இறுதியாண்டிலேயே அத்தேர்வுக்கு ஆயத்தமாகலாம்.